ஜானகி அம்மாள்: வருஷம் தவறாமல் வரும் கேள்விகள்

கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுக்கிறேன். குரோமோசோம் பாடம் வரும்போது ஒரு வகுப்பை ஜானகி அம்மாளுக்கு ஒதுக்கிவிடுவேன். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கேட்கிற கேள்விகளும், அவர் பிறந்தநாளை ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

யாருங்க இந்த ஜானகி அம்மாள்? சுருக்கமா சொல்லுங்க.

எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள், செடிகளின் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபுக் குணங்களைச் சுமக்கும் நூல்துண்டு போன்றவற்றை, எண்ணி அந்தச் செடிகளின் பூர்வீகத்தைப் படித்த விஞ்ஞானி. 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். சென்னையில் படித்து, அமெரிக்காவில் முனைவர் ஆகி, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ந்து, இங்கிலாந்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்து, நேரு அழைத்ததால் இந்தியா திரும்பினார். 1984 பிப்ரவரி 7 அன்று சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார். கடைசி வரை ஆராய்ச்சியை விடவில்லை.

பேர்ல 'அம்மாள்' இருக்கே, தமிழ்க்காரரா?

மலையாளி. ஆனால் அவர் பிறந்தபோது கேரளம் என்று தனி மாநிலம் கிடையாது. மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. மேல்படிப்பு என்றால் தலச்சேரிப் பிள்ளைகள் ரயிலேறி வருவது சென்னைக்குத்தான். இவரும் மெரினா எதிரே இருக்கும் ராணி மேரி கல்லூரியில் படித்தார். 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். கோவை, மதுரவாயல் ஆண்டுகளையும் கூட்டினால், அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி நம் ஊர்களில் கழிந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்பா இ. கே. கிருஷ்ணன் துணை நீதிபதி. பறவைகளையும் தோட்டத்தையும் நேசித்து, அவற்றைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வைத்தவர். இரண்டு மனைவியர் மூலம் பத்தொன்பது பிள்ளைகள் நிறைந்த வீடு அது. ஜானகியின் தாய்வழிப் பாட்டனார் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, இருந்த ஜான் சைல்ட் ஹானிங்டன். தீயர் சமூகத்துக் குடும்பம். இந்தக் கடைசித் தகவலை ஏன் சொல்கிறேன் என்பது கோவையை விட்டுப் போன கதையில் தெரியும்.

கல்யாணத்தை வேண்டாம்னு சொல்லிட்டு அமெரிக்கா போனாராமே?

ஆமாம். உறவுக்குள்ளேயே மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உதவித்தொகை கிடைத்தது. ஆசியப் பெண்கள் அங்கே வந்து படிப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட உதவித்தொகை அது. 1924இல் கப்பல் ஏறினார், முதுகலை முடித்துத் திரும்பி வந்து பாடம் நடத்தினார், மறுபடியும் போய் ஆய்வை முடித்தார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அக்கா தங்கைகள் அந்தக் கால வழக்கப்படி கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் போனார்கள் என்பதை வைத்துப் பார்த்தால்தான் இந்த முடிவின் கனம் புரியும்.

1931இல் வாங்கின டி.எஸ்சி. கௌரவப் பட்டம்தானே? இணையத்தில் அப்படித்தான் போட்டிருக்கு.

இல்லை, டி.எஸ்சி. என்பது அறிவியல் முனைவர் பட்டம், ஆய்வேடு எழுதி வாங்கியது. தக்காளி, கத்தரி குடும்பத்தைச் சேர்ந்த நிகாண்ட்ரா என்ற செடியின் குரோமோசோம்களைப் பற்றி எழுதினார். வழிகாட்டியவர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட். அதே பல்கலைக்கழகம் 1950களில் இவருக்கு கௌரவ சட்ட முனைவர் பட்டமும் கொடுத்தது. இரண்டையும் யாரோ ஒருவர் குழப்ப, அதையே எல்லோரும் படியெடுக்கிறார்கள். தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். ராப்பகலாக நுண்ணோக்கியில் கண் வைத்து வாங்கிய பட்டத்தை மரியாதைக்குக் கொடுத்தது என்று சொல்வது அவர் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

அப்போ இந்தியாவின் முதல் பெண் விஞ்ஞானி இவர்தானா?

'முதல்' என்று சொல்லும்போது எதில் முதல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜானகி அம்மாள் 1931இல் அமெரிக்காவில் முனைவர் ஆனார். கமலா சோஹோனி 1939இல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலில் ஆனார். அசீமா சாட்டர்ஜி 1944இல் கொல்கத்தாவில் டி.எஸ்சி. வாங்கினார், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்படி வாங்கிய முதல் பெண் அவர். ஆண்டுக் கணக்கில் ஜானகி அம்மாள் முந்தியவர். சர் சி. வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்துக்கு 1935இலேயே உறுப்பினராகத் தேர்வானார்.

வானிலை ஆய்வாளர் அன்னா மணி வேறு ஆள். இருவருமே மலையாளிகள், இருவருமே சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள் என்பதால் தேர்வுத் தாளில் அடிக்கடி இடம் மாறிவிடுகிறார்கள்.

இந்தியக் கரும்பை இனிப்பாக்கினது இவர்தான்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். அப்படியே எடுத்துக்கொண்டால் உண்மை இல்லை.

கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கப்பட்டது. வட இந்தியாவில் கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது. கோவையில் நன்றாகப் பூக்கும். பூத்தால்தான் ஒட்டுச் சேர்க்க, அதாவது மகரந்தம் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்க, முடியும். அதனால்தான் நிலையம் இங்கே வந்தது. அப்போதே இனிப்பான கரும்பு நம்மிடம் இருந்தது. ஆனால் அந்தத் தடித்த, சாறு நிறைந்த கரும்பு வடக்கத்திப் பனியையும் வறட்சியையும் நோயையும் தாங்கவில்லை. நிலையத்தின் ஆய்வாளர்கள் சி. ஏ. பார்பர், டி. எஸ். வெங்கடராமன் ஆகியோர் 'வெள்ளை' என்ற கரும்பை, ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணலோடு ஒட்டுச் சேர்த்தார்கள். 1918இல் கோ 205 வந்தது ('கோ' என்றால் கோயம்புத்தூர்). கரும்பிடமிருந்து இனிப்பு, நாணலிடமிருந்து தாங்கும் வலிமை. பிறகு வந்த கோ ரகங்கள் வட இந்திய வயல்களை நிறைத்தன. ஜாவாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சர்க்கரையின் தேவையும் குறைந்தது.

ஜானகி அம்மாள் கோவைக்கு வந்தது 1934இல். கோ 205 வெளியாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்து. வெங்கடராமனின் சாதனையை எடுத்து இவருக்குக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இவர் செய்தது வேறு, அதுவும் சின்ன வேலை இல்லை.

சரி, கோவையில் அஞ்சு வருஷம் என்னதான் செஞ்சார்?

இரண்டு செடியை ஒட்டுச் சேர்த்து நல்ல பிள்ளை வந்தது என்றால் விவசாயிக்கு அது போதும். ஏன் நல்லதாக வந்தது, அடுத்த முறையும் வருமா என்று தெரிய வேண்டுமானால் செல்லுக்குள்ளே பார்க்க வேண்டும். சர்க்கரைக் கரும்புக்கு 80 குரோமோசோம். கோவைப் பக்கத்து நாணலுக்கு 64. வழக்கமான கணக்குப்படி இரண்டிலும் பாதிப் பாதி சேர்ந்து பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். கோ 205இல் இருப்பதோ 112. தாய்க் கரும்பு பாதியைக் கொடுக்காமல் முழு 80ஐயும் கொடுத்துவிடுகிறது, நாணல் 32ஐத் தருகிறது. கரும்பின் இந்தக் குணத்தை ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு ஆய்வாளர் முன்பே கண்டிருந்தார். இப்படிப்பட்ட ஒரு பயிரில், எண்ணிக்கை தெரியாமல் ஒட்டுச் சேர்ப்பது இருட்டில் கை விட்டுத் துழாவுகிற மாதிரி.

ஜானகி அம்மாள் நாணலை எடுத்துக்கொண்டார். பார்வைக்கு எல்லா நாணலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வெள்ளைக் குஞ்சம் காற்றில் ஆடும். உள்ளே போய் எண்ணினால் ஊருக்கு ஊர் வேறு. இன்று தெரிந்த வரையில் 40இலிருந்து 128 வரை போகிறது. இந்திய நாணல் வகைகளின் குரோமோசோம்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1936இல் வெளியானது. எண்ணிக்கை எங்கே குறைவு, எங்கே கூடுதல் என்று தடம் பிடித்தால் அந்தச் செடி எங்கே தொடங்கி எந்தப் பக்கம் பரவியது என்று ஊகிக்கலாம். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்நாள் வேலை இந்த ஒரு யோசனைக்குள் அடங்கிவிடும்: குரோமோசோம் எண்ணிக்கை என்பது செடியின் பயணக் குறிப்பு.

கரும்பைத் தூரத்து உறவுகளோடும் சேர்த்துப் பார்த்தார். கரும்பு, மக்காச்சோளம் ஒட்டைப் பற்றி 1938இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வெங்கடராமன் உண்டாக்கிய கரும்பு, மூங்கில் ஒட்டுகளின் குரோமோசோம்களை எண்ணியவரும் இவர்தான். இவையெல்லாம் வயலுக்கு வந்த ரகங்கள் அல்ல. புல் குடும்பத்தில் யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று சோதித்துப் பார்த்த வேலை.

இவ்வளவு நல்லா போனா, கோவையை விட்டு ஏன் போனார்?

1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். போர் மூண்டது, அங்கேயே தங்கிவிட்டார். வெளியே தெரிந்த காரணம் இது.

அதற்கு முன்பே கோவையில் அவருக்கு மூச்சு முட்டியது. கல்யாணம் ஆகாத பெண், பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட சமூகம், சுற்றிலும் ஆண்கள் மட்டுமே இருந்த ஆய்வு நிலையம். இந்த மூன்றும் சேர்ந்து அவருக்குத் தொல்லை கொடுத்ததை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். தீயர் குடும்பம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். பொதுவாக இந்தப் பகுதியைப் பேச்சில் நாசூக்காகத் தாண்டிவிடுவார்கள். நான் வகுப்பில் தாண்டுவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு இது கதை இல்லை.

லண்டனில் குண்டு மழையில் எப்படி ஆராய்ச்சி நடந்தது?

1940 முதல் 1945 வரை ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் துணைச் செல்லியலாளராக, அதாவது செல்லின் உள்ளமைப்பை ஆராய்பவராக, இருந்தார். இரவில் விமானங்கள் வந்தால் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வார், காலையில் அலமாரியில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குவார் என்று குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஊரிலிருந்து ஒளித்துக் கொண்டுபோன அணில்பிள்ளை ஒன்றும் கூட இருந்ததாம். பெயர் கபோக், அதாவது இலவம்பஞ்சு.

அந்த ஐந்து ஆண்டுகளில் விளைந்த புத்தகம்தான் ஆங்கிலேய மரபியலாளர் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து தொகுத்து 1945இல் வெளியிட்ட 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்'. மனிதன் வளர்க்கும் செடிகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை குரோமோசோம், அது எந்தப் பிரதேசத்துச் செடி என்று வரிசைப்படுத்திய நூல். கோவையில் நாணலுக்குச் செய்ததை உலகத்துப் பயிர்களுக்கெல்லாம் விரித்தது போல. மரபியல் நூலகங்களில் பல்லாண்டு காலம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்த நூல் அது.

மக்னோலியா பூவுக்கு இவர் பேர் எப்படி வந்தது?

1945இல் அரச தோட்டக்கலைச் சங்கம் தன்னுடைய விஸ்லி தோட்டத்தில் இவருக்கு வேலை கொடுத்தது. அங்கே கோல்சிசின் என்ற பொருளைக் கையில் எடுத்தார். நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருப்பது அதே கோல்சிசின்தான். கீல்வாத மருந்துக்காக தாராபுரம், மூலனூர் பக்கம் பந்தல் கட்டிச் செங்காந்தள் வளர்க்கிறார்கள் அல்லவா, அதற்குக் காரணமும் இதுவே.

செல் இரண்டாகப் பிரியும் முன் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும். பிறகு நுண்ணிய இழைகள் அவற்றை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கும். கோல்சிசின் அந்த இழைகளை உருவாகவிடாது. இரட்டித்தது இரட்டித்தபடியே ஒரே செல்லில் தங்கிவிடும். நாற்றின் வளர்நுனியில் இந்தக் கரைசலைப் பட வைத்தால், அதற்குப் பிறகு வளரும் பாகம் இரு மடங்கு குரோமோசோமோடு வளரும். மக்னோலியா கோபஸ் மரத்துக்கு இயல்பாக 38 குரோமோசோம். இரண்டு தொகுதி நான்கானால், அதாவது நான்மயமானால், 76. இலை தடிக்கும், பூவிதழ் அகன்று கனக்கும். அவர் நட்டவை விஸ்லியின் பேட்டில்ஸ்டன் குன்றில் வளர்ந்தன. அவற்றில் ஒரு வகைதான் மக்னோலியா கோபஸ் 'ஜானகி அம்மாள்'.

அது மரபணு மாற்றப் பயிர் மாதிரிதானே சார்?

இல்லை. மரபணு மாற்றத்தில் வெளியிலிருந்து ஒரு மரபணுவைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். கோல்சிசின் வெளியிலிருந்து எந்த மரபணுவையும் சேர்ப்பதில்லை. இருப்பதையே இரட்டிப்பாக்குகிறது. இயற்கையும் தானாகவே இதைச் செய்கிறது. நாம் சாப்பிடும் கோதுமை ஆறு தொகுதிக் குரோமோசோம் கொண்டது, கரும்பு அதற்கும் மேல்.

இமயமலைத் தாவரங்களை ஆராய்ந்தபோது அவர் கவனித்தது இன்னும் சுவையானது. குளிரும் வறட்சியுமான வடமேற்கு இமயத்தைவிட, குளிரும் ஈரமுமான வடகிழக்கில் இப்படிக் குரோமோசோம் பெருகிய இனங்கள் அதிகம். சீனத்துச் செடிகளும் மலாய்ப் பக்கத்துச் செடிகளும் நம்முடையவற்றோடு அங்கே வந்து கலப்பதால் இயற்கையே ஒட்டுச் சேர்க்கிறது என்றார். பயணக் குறிப்பு என்று மேலே சொன்னேனே, அதைத்தான் இங்கேயும் படித்திருக்கிறார்.

நேரு கூப்பிட்டு வந்தவர், அப்புறம் ஏன் பெரிய பதவியில் இல்லை?

1951இல் நேரு அழைத்தார். 1890இல் தொடங்கி நலிந்து கிடந்த இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க 1952இல் சிறப்பு அலுவலராக நியமிக்கப்பட்டார். கோவை, புனே, டேராடூன், ஷில்லாங் என்று வட்டார மையங்கள் வந்தது அந்தச் சீரமைப்பில்தான். ஆனால் தலைமைப் பொறுப்பு லண்டன் கியூ தோட்டத்து மரபில் பயின்ற ஓர் ஐரோப்பியருக்குப் போனது. இது அவரை வெகுவாகப் புண்படுத்தியதை டார்லிங்டனுக்கு எழுதிய கடிதங்களில் காணலாம். நம் செடிகளை நம்மவர்கள் நம் நாட்டிலேயே சேகரித்து ஆராய வேண்டும், மாதிரிகளைப் பார்க்கக் கியூவுக்கு ஓடக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். ஜம்முவிலும், சிறிது காலம் மும்பை டிராம்பேயிலும் பணியாற்றினார்.

சைலன்ட் வேலி போராட்டத்தை ஆரம்பிச்சது இவரா?

ஆரம்பித்தவர் இல்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம், கவிஞர் சுகதகுமாரி, ஆசிரியர்கள், மாணவர்கள் என்று பலரும் சேர்ந்து நடத்திய போராட்டம் அது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சைலன்ட் வேலியில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டினால் மழைக்காடு மூழ்கிவிடும் என்பது பிரச்சினை. எண்பதை நெருங்கிய வயதில் அதில் சேர்ந்த ஜானகி அம்மாள் தன் கையில் இருந்த ஆயுதத்தோடு வந்தார். மூழ்கப்போகும் மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார்.

அது திடீரென்று வந்த அக்கறையும் இல்லை. 1955இல் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றிவிட்டான் என்பதைப் பேச ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் இவர். பிழைப்புக்கான இந்திய வேளாண்மையைப் பற்றிப் பேசினார். மலைவாழ் மக்களுக்குத் தெரிந்த செடிகளும் அவற்றைப் பற்றிய அவர்கள் அறிவும் காட்டோடு சேர்ந்து போய்விடும் என்ற கவலை அப்போதே அவருக்கு இருந்தது.

அணைத் திட்டம் கைவிடப்பட்டது. சைலன்ட் வேலி 1984 நவம்பர் 15 அன்று தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவர் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

பத்மஸ்ரீ 1957ஆ, 1977ஆ?

1977. தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானது 1957. தேர்வில் எழுதும்போது மாற்றிவிடாதீர்கள்.

மதுரவாயலில் என்ன செஞ்சுகிட்டு இருந்தார்?

1970 நவம்பரில் சென்னை திரும்பி, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்தார். அதன் வயல் ஆய்வுக்கூடம் மதுரவாயலில் இருந்தது. அங்கேயே தங்கி மூலிகைத் தோட்டம் வளர்த்தார், மருந்துச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணினார். நிறையப் பூனைகள் வளர்த்தார். குட்டிக்குக் குட்டி குணம் எப்படி மாறுகிறது என்று அதையும் கவனித்தாராம். எழுபத்து மூன்று வயதில் வந்தவர் எண்பத்தாறு வயது வரை இருந்தார்.

அவர் பேர்ல வேற என்னவெல்லாம் இருக்கு?

உயிரினங்களை இனம் கண்டு வகைப்படுத்தும் வகைப்பாட்டியலுக்கு மத்திய அரசு 1999இல் ஏற்படுத்திய தேசிய விருது இருக்கிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பில் பெயர் பெற்ற வீரராகவன் தம்பதி தாங்கள் உருவாக்கிய ரோஜா ஒன்றுக்கு இவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அகத்தியமலைப் பாறை இடுக்குகளில் வளரும் ஒரு மூலிகையைக் காணிப் பழங்குடியினர் வெகுகாலமாகப் பயன்படுத்திவந்தார்கள். 1978இல் அதை விவரித்தவர்கள் ஜானகியா என்று ஒரு பேரினமே (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) உண்டாக்கிப் பெயர் வைத்தார்கள். பிறகு அதை ஆராய்ந்தவர்கள், இது நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் மாகாளிக்கிழங்கின் பேரினம்தான் என்று அங்கே மாற்றிவிட்டார்கள். செடியின் உறவு திருத்தப்பட்டதில் பெயர் போய்விட்டது. உறவுகளைச் சரியாகத் தெரிந்துகொள்வதற்காகவே வாழ்ந்தவர், இதற்கு வருத்தப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நானும் குரோமோசோம் எண்ணிப் பார்க்க முடியுமா?

முடியும், வெங்காயம் போதும். அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு டம்ளர் வாயில் வெங்காயத்தை உட்கார வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். காலை வேளையில் நுனியை மட்டும் நறுக்கி, ஆசிரியர் முன்னிலையில் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டு வையுங்கள். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடுகாட்டி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேல்தகட்டைக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல் சுருண்டுவிடும்.

பெரும்பாலான செல்களில் சிவந்த உருண்டை மட்டும்தான் தெரியும். பொறுமையாகத் தகட்டை நகர்த்திக்கொண்டே போனால் ஏதோ ஒரு செல்லில் சிவப்பு நூல்துண்டுகள் சிதறிக் கிடக்கும். அதைத் தாளில் வரைந்துகொண்டு எண்ணுங்கள். ஜானகி அம்மாள் காலத்தில் எண்ணியதும் இப்படி வரைந்துதான். வெங்காயத்துக்கு 16 வர வேண்டும். 15 வந்தால் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது, அடுத்த செல்லுக்குப் போங்கள்.